நாலாம் செமஸ்டர் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்க” என்று செயலாளர் சொன்னார். சாஃப்ட்வேர், மேல்படிப்பு, வெளிநாடு பற்றியெல்லாம் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு துறையைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் ஆக்சுவரி.

எல்.ஐ.சி. ஏஜெண்டைத் தெரியாத வீடு நம் ஊரில் கிடையாது. ஆனால் “நாற்பது வயசுக்காரருக்கு இவ்வளவு பிரீமியம்” என்று அந்தத் தொகையைக் கணக்குப் போட்டவர் யார் என்று நாம் கேட்டதில்லை. அவர்தான் ஆக்சுவரி. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குத் தர வேண்டிய கிராஜுவிட்டி, பென்ஷனுக்கு இன்றைக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று சொல்வதும் அவர் வேலைதான். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தாரே எட்மண்ட் ஹாலி, அவர் 1693-ல் பிரெஸ்லாவ் நகரத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து ஆயுள் அட்டவணை போட்டார். இந்தத் துறையின் ஆரம்பப் புள்ளிகளில் அது ஒன்று. நம் நாட்டில் 2000-க்குப் பிறகு தனியார் காப்பீட்டுக் கம்பெனிகள் வந்ததும் இந்தப் படிப்புக்கு மதிப்பு கூடியது. 2006-ல் தனிச் சட்டமே வந்தது. அதன்கீழ் இயங்கும் இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம்தான் இங்கே தேர்வு நடத்துகிறது.

இனி என் கதை. நான் கம்ப்யூட்டர் சயன்ஸ், 2009-ல் வெளியே போனவன். நாலாம் செமஸ்டரில் எங்களுக்கு நிகழ்தகவும் க்யூயிங் தியரியும் ஒரு தாள். ஐந்து வருட வினாத்தாளைப் புரட்டினேன், பதினாறு மார்க் கேள்விகளை உருப்போட்டேன், நல்ல மார்க் வாங்கினேன். தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தை ஜூனியருக்குப் பாதி விலைக்கு விற்றேன். அந்தக் காசில் பரோட்டா சாப்பிட்டதும் ஞாபகம் இருக்கிறது.

சில வருடம் கழித்து ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதும் வேலை. அங்கே ஒரு மூத்த ஆக்சுவரி என்னிடம் கேட்டார்: “தம்பி, ஆயிரம் பேர். ஒவ்வொருத்தரும் இந்த வருஷம் இறக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு. ஆளுக்குப் பத்து லட்சம் பாலிசி. செலவு, லாபம் எல்லாம் தள்ளி வை. ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்?”

“இரண்டு பேர் இறப்பார்கள், இருபது லட்சம். ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் சார்” என்றேன் பெருமையாக.

“சரி. ஐந்து பேர் இறந்தால்?”

நான் முழித்தேன். அவர் காகிதத்தில் ஒரு சூத்திரம் எழுதினார். பாய்ஸான் பரவல்! நான் உருப்போட்ட அதே பதினாறு மார்க். ஐந்து அல்லது அதற்கு மேல் பேர் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் கூடுதல். இருபது லட்சம் வசூலித்துவிட்டு ஐம்பது லட்சம் கொடுக்க வேண்டி வரும். அதே கணக்கை ஒரு லட்சம் பேருக்குப் போட்டால் எதிர்பார்ப்பு 200. அது 250-ஐத் தாண்டுவது மிகமிக அபூர்வம். “ஆனால் ஒருத்தர் சாவுக்கும் அடுத்தவர் சாவுக்கும் சம்பந்தம் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் இது” என்று முடித்தார். அந்தக் கடைசி வாக்கியத்தின் கனம் எனக்கு 2021-ல், கோவிட் இரண்டாம் அலையில்தான் முழுசாகப் புரிந்தது.

அன்றைக்கே ஆசை வந்துவிட்டது. 2017-ல் தேர்வுக்கு உட்கார்ந்தேன். முதல் புள்ளியியல் தாளில் இரண்டு முறை ஃபெயில். கையில் கைக்குழந்தை, பகலில் வேலை, இரவு பதினோரு மணிக்குப் பாடம். இருபது வயதில் இலவசமாக, சொல்லித் தர ஆள் வைத்துக் கிடைத்ததை, முப்பது வயதில் தூக்கத்தை விற்று வாங்கினேன். மூன்றாம் முறைதான் பாஸ். இன்னும் நான் ஆக்சுவரி ஆகவில்லை. மேல்நிலைத் தாள்கள் பாக்கி இருக்கின்றன. ஆகவே இதை வெற்றிக் கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எச்சரிக்கைப் பலகையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் வந்த பாடத்திட்டப்படி அடித்தள நிலையில் ஏழு தாள்கள். புள்ளியியல் இரண்டு, ஆயுள் காப்பீட்டுக் கணக்கும் நிதியும் சார்ந்தவை இரண்டு, வணிகம் மூன்று. புள்ளியியலில் ‘ஆர்’ மொழியிலும், கணக்கில் எக்ஸெலிலும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செய்ய வேண்டிய பகுதி உண்டு. இதில் பாதிக்கு அஸ்திவாரம் நம் வகுப்பறையிலேயே இருக்கிறது.

முதலாம் ஆண்டு: தொகையீட்டையும் தொடர்களையும் பாஸ் மார்க்கோடு விட்டுவிடாதீர்கள். கூட்டுவட்டியும் தவணைக் கணக்கும் அதன் மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் ஆண்டு: நிகழ்தகவுத் தாள். எந்தப் பிரிவானாலும் இந்த ஒன்றை உருப்போடாமல் படியுங்கள். க்யூயிங் தியரியில் வரும் மார்க்கோவ் சங்கிலியை, ‘நலம், நோய், மரணம்’ என்று மூன்று நிலை வைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதுதான் மருத்துவக் காப்பீட்டுக் கணக்கின் எலும்புக்கூடு.

மூன்றாம் ஆண்டு: விருப்பப் பாடம் எடுக்கும்போது “யார் மார்க் அள்ளிப் போடுவார்?” என்று விசாரிக்காமல் பொருளாதாரம், ரெக்ரெஷன், காலத்தொடர் எதில் வருகிறது என்று பாருங்கள். நுழைவுத் தேர்வை இந்த ஆண்டில் எழுதிவிடலாம். கணக்கு, புள்ளியியல், ஆங்கிலம், தர்க்கம் போன்றவற்றைக் கேட்பார்கள்.

நான்காம் ஆண்டு: பிராஜெக்டைக் கடையில் வாங்காதீர்கள். மெக்கானிக்கல் தம்பிகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். மோட்டார் பம்புசெட் எப்போது பழுதாகிறது என்று தரவு சேருங்கள். புதுசில் சில பழுதாகும், நடுவில் அமைதியாக ஓடும், பழசானால் மறுபடி பழுது ஏறும். மனித ஆயுளின் வளைவும் ஏறக்குறைய அதே வடிவம்தான். நீங்கள் ‘பழுது வீதம்’ என்பதை அவர்கள் ‘இறப்பு விசை’ என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த பிராஜெக்டை நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் பேச முடிந்தால் போதும், கதவு திறக்கும்.

போன மாதம் ஒரு தம்பி போனில் கேட்டான்: “அண்ணா, காலேஜ் பிளேஸ்மெண்டை விட்டுட்டு முழுநேரமா ஆக்சுவரி எழுதட்டுமா?” வேண்டாம் என்றேன். அவன் அப்பா கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார். இந்தத் தேர்வுகளை முழுசாக முடிக்கப் பல வருடம் ஆகும், நடுவில் நின்றுபோனவர்கள் நிறைய. காலேஜில் இருக்கும்போதே ஒரு தாள், அதிகம் போனால் இரண்டு. செமஸ்டர் தேர்வோடு தேதி மோதினால் அதையும் தள்ளிப் போடுங்கள். டிகிரியை முடித்து, வேலையில் சேர்ந்து, மீதியை எழுதுங்கள். வேலை அனுபவம் இல்லாமல் தாள்களை மட்டும் குவித்து வைத்திருப்பவரை எடுக்கக் கம்பெனிகள் தயங்குவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நாலு பேர் வருமானத்தைக் கணக்குப் போடப் போகிறவன், தன் வீட்டு ரிஸ்க்கை முதலில் கணக்குப் போட வேண்டாமா?

கடைசியாக ஒன்று. நீங்கள் ஆக்சுவரி ஆகாமலே போகலாம். பரவாயில்லை. அந்த நாலாம் செமஸ்டர் புத்தகத்தை மட்டும் விற்காதீர்கள். பரோட்டாவுக்கு நான் காசு தருகிறேன்.