ஒரே நாளில் மூன்று சகோதரிகள்: ஞானஸ்நானப் பதிவேடுகளை வாசிக்கும் முறை



பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் முன்னோர் பெயரைக் கண்டதும், பக்கத்திலுள்ள தேதியைப் பிறந்த நாளாகக் குறித்துக்கொள்பவர்கள் பலர். குருவானவர் எழுதிவைத்தது சடங்கு நடந்த நாளை. பிறப்புக்கும் சடங்குக்கும் நடுவே ஒரு வாரமும் இருக்கலாம், பத்து ஆண்டும் இருக்கலாம்.

நம் ஊர்ச் சான்று ஒன்றையே பார்ப்போம். சென்னைக் கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது செயின்ட் மேரீஸ் ஆலயம். அங்கே 1689 ஆகஸ்ட் 19 அன்று மேரி, எலிசபெத், கேத்தரின் என்ற மூன்று சகோதரிகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. தந்தை ஜாப் சார்னாக். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவியவர் இவர்தான். தேதியை மட்டும் பார்ப்பவருக்கு மூவரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்களோ என்று தோன்றும். ஆனால் சார்னாக் பல்லாண்டுகள் பீகாரிலும் வங்காளத்திலும் கம்பெனி வேலை பார்த்தவர். அங்கே அப்போது ஆங்கிலத் திருச்சபைக்குக் கோயில் கிடையாது. முகலாயரோடு மூண்ட சண்டையால் கம்பெனியார் வங்காளத்தை விட்டுச் சென்னைக்கு வந்தார்கள். வந்த இடத்தில் கோயில் இருந்தது, பிள்ளைகளுக்குச் சடங்கும் நடந்தது.

சடங்கு நாள் பிறந்த நாள் அன்று என்பதற்குச் சாட்சி கல்கத்தாவில், செயின்ட் ஜான்ஸ் ஆலய வளாகத்துச் சார்னாக் கல்லறையில் இருக்கிறது. தலைமகள் மேரி, சார்லஸ் அயரின் மனைவி, 1696-7 பிப்ரவரி 19இல் இறந்தார் என்கிறது அங்குள்ள லத்தீன் கல்வெட்டு. 1689ஐப் பிறந்த ஆண்டாகக் கொண்டால், அந்த மனைவி ஏழரை வயதில் இறந்திருக்க வேண்டும். ஒரு தேதியை இன்னொரு ஆவணத்தோடு உரசிப் பார்க்காமல் ஏற்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அதென்ன 1696-7? 1751 வரை ஆங்கிலேயரின் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பழைய ஆண்டிலேயே எண்ணப்பட்டன. மேரிக்குப் பழைய, புதிய கணக்கு இரண்டையும் பொறித்த அதே கல்லில், தந்தை இறந்த நாள் 1692 ஜனவரி 10 என்று ஒற்றை ஆண்டோடு நிற்கிறது. நம் கணக்கில் அது 1693.

அந்தச் சகோதரிகளின் தாய் இந்தியப் பெண். உடன்கட்டையிலிருந்து சார்னாக் அவரை மீட்டு மணந்தார் என்ற கதை 1727இல் வெளியான அலெக்சாண்டர் ஹாமில்டனின் பயணநூலில் வருகிறது. கேள்விப்பட்டதை எழுதிய நூலுக்குப் பதிவேட்டின் மதிப்பைத் தரலாகாது. கம்பெனிக் காலப் பதிவேடுகளில் இந்தியத் தாய்மார் பலர் பெயரில்லாமலே விடப்பட்டார்கள். தகப்பன் பெயர் முழுதாக இருக்கும், பெற்றவள் இருக்கமாட்டாள். இது எழுத்தரின் மறதி அன்று, அக்காலத்து ஏற்றத்தாழ்வு. அந்த வெற்றிடத்தில் ஊகித்த ஒரு பெயரை நிரப்புவது அவளை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

ஆகவே ஆய்வு மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: கொடிவழி எழுதும்போது பிறந்த நாளுக்கு ஒரு கட்டம், ஞானஸ்நான நாளுக்கு வேறொரு கட்டம் வையுங்கள். பதிவை உள்ளது உள்ளபடி, பழைய எழுத்துக்கூட்டலோடு படியெடுங்கள். ஞானப்பெற்றோர் பெயர்களையும் விடாதீர்கள். உறவினரை அடையாளம் காட்டுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். தாயின் பெயர் இல்லாத இடத்தில், இல்லை என்றே எழுதுங்கள்.