‘நீ’யா, ‘நீங்க’ளா? – ஒரு படத்துக்குத் தமிழ்க்குரல் கொடுத்தபோது
(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

ஒன்பதாம் வகுப்பில் பேச்சுத்தமிழ், எழுத்துத்தமிழ் நடத்த நான் எடுத்துக்கொண்டது ஓர் ஆங்கிலப் படம். 1957இல் சிட்னி லூமெட் இயக்கிய ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’. ஒலியை நிறுத்திவிட்டுக் காட்சியை ஓடவிடுவோம். பிள்ளைகள் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் பேசுவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

படம் பார்க்காதவர்களுக்காக: தந்தையைக் கத்தியால் குத்திக் கொன்றதாகப் பதினெட்டு வயதுப் பையன் மீது வழக்கு. குடிசைப் பகுதியில் வளர்ந்தவன். தீர்ப்புச் சொல்லவேண்டிய பன்னிரண்டு ஜூரிகளில் பதினொருவர் குற்றவாளி என்கிறார்கள். எட்டாம் எண்காரர் மட்டும் கொஞ்சம் பேசுவோம் என்கிறார். 96 நிமிடப் படம், ஏறக்குறைய முழுவதும் ஒரே அறையில். அடிதடி கிடையாது, பாட்டு கிடையாது. நம் நாட்டில் இப்போது ஜூரி முறை இல்லை; 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது போய்விட்டது. அதை விளக்க ஒரு பாடவேளை ஆனது.

முதல் வசனத்திலேயே தகராறு. ஆங்கிலத்தில் எல்லாரும் எல்லாரையும் ‘யூ’ என்கிறார்கள். தமிழில் வாயைத் திறந்தாலே முடிவு எடுத்தாக வேண்டும்: நீயா, நீங்களா? முன்பின் அறியாத பன்னிரண்டு பேர், ஆகவே ‘நீங்க’ என்றார்கள் பிள்ளைகள். சரி, மூன்றாம் எண்காரர் கோபத்தில் எந்த இடத்தில் ‘நீ’க்கு இறங்குகிறார்? அந்த ஒரு எழுத்துக்காகக் காட்சியை ஆறு முறை ஓட்டினோம். ஒன்பதாம் எண்காரரான முதியவரிடம் அவர் மரியாதையில்லாமல் பேசும்போது இன்னொருவர் எழுந்து எச்சரிக்கிறாரே, அங்கேதான் என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள்.

தமிழாசிரியர்களுக்குப் பிடித்த இடம் ஒன்று சொல்கிறேன். பத்தாம் எண்காரர், பையனுக்கு ஒழுங்காக ஆங்கிலம்கூட வராது என்று ஏளனம் செய்கிறார். அந்த வாக்கியமே இலக்கணப் பிழை. வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறிய கடிகாரத் தொழிலாளி அதை அமைதியாகத் திருத்துகிறார். தமிழில் எப்படிக் கொண்டுவருவது? இரண்டு நாள் கழித்து ஒரு பையன் எழுதிவந்தான். “அவனுக்கு ஒரு இலக்கணமும் தெரியாது” என்கிறார் முதலாமவர். “ஓர் இலக்கணமும்” என்கிறார் மற்றவர். நான் ஓராண்டு கத்தியும் ஏறாத விதி அன்று வகுப்பு முழுவதற்கும் ஏறியது.

அதே பத்தாம் எண்காரர் பிறகு அந்தப் பகுதி மக்களையே திட்டித் தீர்க்கும் காட்சி வருகிறது. அவர் பேசப் பேச ஒவ்வொருவராக எழுந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மக்களைக் குறிக்கத் தமிழில் என்ன சொல்? “அவங்க” என்று எழுதியிருந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “அவங்க இல்ல சார், அதுங்க” என்றான். வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்கே கேட்டாய் என்றேன். “பஸ்ஸுல சார். எங்க தெரு ஸ்டாப் வந்தா அப்படித்தான் சொல்வாங்க.”

அந்தச் சொல்லைத்தான் வைத்தோம். ஆங்கிலத்தில்கூட இவ்வளவு கூர்மையாக இல்லை. மனிதரை அஃறிணையாக்க நமக்கு ஒரு விகுதி போதும். வெளிப்படையாகப் பேசுவோம், நம் ஆசிரியர் அறைகளிலும் இந்தச் சொல் புழங்குகிறது. ‘இதுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும்…’ என்று தொடங்கும் வாக்கியத்தை இங்கே கேட்காதவர் யார்? கதவுக்கு வெளியே நோட்டுப் புத்தகக் கட்டோடு நிற்கும் பிள்ளைக்கும் அது கேட்கும்.

பத்தாம் எண்காரராகப் பேச அந்தப் பையனே முன்வந்தான். வேண்டாமே என்றேன். “எனக்குத்தான் சார் அது சரியா வரும்” என்றான். வந்தது. அவன் முடித்ததும் நான்காம் எண்காரர், உட்காருங்கள், இனி வாயைத் திறக்காதீர்கள் என்பதுபோல ஒன்று சொல்ல வேண்டும். ‘உட்காருடா’ என்று வைக்கலாம் என்றார்கள் சிலர். நான்காம் எண்ணுக்குப் பேசிய மாணவி மறுத்துவிட்டாள். “உட்காருங்க. இனிமே வாயைத் திறக்காதீங்க” என்று ‘ங்க’வை அழுத்திச் சொன்னாள். ‘டா’வைவிட அதுதான் சுட்டது.

முதல் வாக்கெடுப்புக் காட்சி இன்னும் பாக்கி. ‘நாட் கில்டி’ என்கையில் நடிகரின் உதடு மூடுவதே இல்லை. ‘நிரபராதி’ என்றால் ‘ப’வில் மூடுகிறது, ‘குற்றவாளி அல்ல’ நீண்டுவிடுகிறது. உங்களில் யாருக்காவது சொல் தோன்றினால், தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள், பிள்ளைகளிடம் கொண்டுபோகிறேன்.