மஞ்சளும் வாய்ப் புண்ணும்
(அறக்கட்டளையின் இலவச மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு ஒரு பெரியவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண். ஐந்து மாதமாக மஞ்சளைக் குழைத்துத் தடவி வந்திருக்கிறார். "மஞ்சள் புற்றுநோயைக் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?" என்று கேட்டார். வந்த செய்தி முழுப் பொய்யாக இருந்தால் மறுப்பது எளிது. அதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாயின் கருவில் குழந்தையின் கை முதலில் துடுப்பு போலத்தான் இருக்கும். விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் தாமாகவே மடிந்த பிறகே ஐந்து விரல்களும் பிரிகின்றன. ஒழுங்காக நடக்கும் இந்தச் செல் மரணத்துக்கு 1972-இல் கெர், வில்லி, கர்ரி என்ற மூன்று விஞ்ஞானிகள் 'அப்போப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். பழுதடைந்த செல்லும் இப்படியே தன்னை முடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் புகையிலையாலும் பாக்காலும் மரபணு கெட்டுப்போன செல் சாக மறுத்துப் பெருகிக்கொண்டே போகிறது. அதுதான் வாய்ப் புற்றுநோய்.

மஞ்சளுக்கு நிறம் தரும் பொருள் குர்குமின். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வாய்ப் புற்றுநோய்ச் செல்களின் மீது இதைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உறை கசிந்து, சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே வருகிறது. அது காஸ்பேஸ் என்னும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அவை கத்தரிக்கோல் போலச் செல்லின் புரதங்களை வெட்டுகின்றன. சாக மறுத்த செல் செத்துப்போகிறது. இதுவரை உண்மை.

ஆனால் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, மனித உடம்பு வேறு. தட்டில் அந்தச் செல்கள் குர்குமினிலேயே ஊறிக் கிடக்கின்றன. நம் சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். விழுங்கினாலும் குடல் கொஞ்சமே உறிஞ்சும். அதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடும். நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமினையே கொடுத்துப் பார்த்தபோதும் இரத்தத்தில் மிகச் சொற்பமே தென்பட்டது. மேலே தடவும் பூச்சோ ஆழத்தில் வேர்விட்ட கட்டியை எட்டாது. குர்குமினை மருந்தாக்கும் ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லதுதான். இன்றைய சிகிச்சைக்கு அது மாற்று அல்ல.

உயிரைக் காப்பது எது? 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைத் திறந்து பார்த்தார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்பினார்கள். புகையிலையோ மதுவோ பழக்கமானவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் முடிவு வெளிவந்தது. வெளிச்சத்தில் வாயைப் பார்த்ததற்கே அவ்வளவு பலன்!

ஆகவே, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் கட்டி, மூன்று விரல் நுழையுமளவுக்கு வாய் திறக்க முடியாமை — இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை தன் 2004-ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்லியிருக்கிறது. கல்யாண வீட்டுத் தாம்பாளத்தில் இனிப்பையும் பழத்தையும் வைப்போம், பாக்கை விட்டுவிடுவோம்.

அந்தப் பெரியவரிடம் நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றே உடன் சென்று சதைப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தோம். முடிவுக்காகக் காத்திருக்கிறோம்; அவருக்காக துஆ செய்யுங்கள். கையிலிருந்த ஐந்து மாதம் மட்டும் இனித் திரும்ப வராது.

மஞ்சள் நம் குழம்பில் இருக்கட்டும். வாயில் புண் இருப்பவர்கள் இப்போதே எழுந்து, அதோ அந்த மேசையில் அமர்ந்திருக்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். செலவைப் பற்றிய கவலையை எங்களிடம் விடுங்கள்.