வகுப்பறையிலிருந்து மாநகர் மன்றத்துக்கு

 

நம் வீட்டுப் பெண் ஆசிரியை ஆகிவிட்டால் நாம் நிம்மதி அடைகிறோம். அரசாங்கச் சம்பளம், பென்ஷன், இது போதும் என்கிறோம். அந்த ஆசிரியை நம் ஊரை நடத்தும் மன்றத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

நம் ஈப்போவில் 1927இல் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவர் ராசம்மா பூபாலன். 1943இல், 16 வயதில், தன் அக்காவோடு நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். பால்மரம் வெட்டிய தோட்டத்துப் பெண்கள் பலர் அந்தப் படையில் இருந்தார்கள். ராசம்மா பர்மா வரை போய்த் திரும்பினார். போருக்குப் பிறகு படித்து ஆசிரியை ஆனார்.

பள்ளிக்கூடத்தில் அவர் கண்டது என்ன? ஒரே படிப்பு, ஒரே வேலை. ஆனால் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. கல்யாணம் ஆனால் நிரந்தர வேலையும் போய்விடும். ராசம்மா புலம்பிக்கொண்டு இருக்கவில்லை. 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் தொடங்கி அதற்குத் தலைமை ஏற்றார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின், 1960களின் இறுதியில் அரசாங்க வேலையில் பெண்களுக்குச் சம சம்பளம் கிடைத்தது. அவர் பின்னர் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராகவும் இருந்தார். மந்திரி பதவி வந்த பிறகுதான் பொதுச்சேவை என்று அவர் காத்திருக்கவில்லை.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. லயத்தை விட்டு நம் மக்கள் நகரத்துக்கு வந்தார்கள். தோட்டத்தில் குறை என்றால் கிராணியிடமும் மேனேஜரிடமும் போனோம். இன்று குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, புந்தோங்கில் கச்சாங் பூத்தே விற்கும் கடைக்கு லைசன்ஸ், எல்லாம் ஈப்போ மாநகர் மன்றத்தின் கையில் இருக்கிறது. அந்த மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போடுகிறோமா? இல்லை.

ஒரு காலத்தில் போட்டோம். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி ஈப்போ நகரத்தை நடத்தியது அப்படித்தான். 1965இல், இந்தோனேசியாவோடு இருந்த மோதலைக் காரணம் காட்டி, அரசாங்கம் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தியது. அதே ஆண்டு அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், ஆதி. நாகப்பன். ஜான்சி ராணிப் படையின் ஜானகி அம்மையாரின் கணவர். தேர்தல் மீண்டும் வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இன்று உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. பெரும்பாலும் கட்சிகளே பெயர் கொடுக்கின்றன.

ஆனால் அதே சட்டத்தைக் கவனியுங்கள். ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். ஒரு நியமனம் 3 ஆண்டுக்கு மேல் போகாது. நிர்வாக அனுபவம் உள்ளவர்கள், தொழிலில் சிறந்தவர்கள் மட்டுமல்ல, தம் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லத் தகுதி உள்ளவர்களையும் நியமிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்து வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியையைவிடத் தகுதியானவர் யார்?

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். ஒன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் குடியிருப்பாளர் சங்கத்திலும் நம் பெண்களைப் பொறுப்பில் அமர்த்துவோம். இரண்டு, மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. போய் உட்கார்ந்து கேட்போம். மூன்று, நியமன நேரத்தில் நம் சட்டமன்ற உறுப்பினரிடம் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுப்போம். சிபாரிசுக்காகக் கெஞ்ச வேண்டாம், தகுதியைச் சொல்லிக் கேட்போம்.

ஊராட்சித் தேர்தல் திரும்ப வரவேண்டும் என்ற கோரிக்கையையும் கைவிடக் கூடாது. அது வரும் நாளில் வேட்பாளராக நிற்க நம்மிடம் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளை இன்றே தயார் செய்யத் தொடங்குவோம்.