இடி விழுந்த கல்லறையும் பெயரில்லாக் கல்லறைகளும்

செல்வர் மாளிகைகள் நிறைந்த நுவரெலியாவின் கோல்ப் திடலருகே பழைய கல்லறையொன்று உண்டு. பதுளையில் அதிகாரியாயிருந்த மேஜர் ரோஜர்ஸ் அங்கே துயில்கின்றார். 1,000-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவரெனப் பெயர்பெற்ற அவர், 1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். கல்லறைமீதும் இடி விழுந்ததென்றும், அது யானைப்பழியே என்றும் ஊரார் கதைப்பர்.

அதே காலத்தில், கோப்பித் தோட்டங்களை நாடி மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்து வந்த நம் மூதாதையர் பல்லாயிரவர், வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தனர். அம்மரணங்களில் விந்தையில்லை; ஆதலால் கதையுமில்லை, கல்லுமில்லை. ஆயினும் மலைநாட்டின் செல்வம் அவர்கள் வகுத்த பாதையில் வந்ததே.

ஒருவர்மீது விழுந்த இடியை மறவாத நாம், அவ்வழியில் வீழ்ந்தோரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போமாக.