கச்சேரி வாயிலில் அமர்ந்த பெண்கள் எங்கே?

(திருகோணமலையில் ஆசிரியர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



1961ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தை நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு போதிக்கிறோம்? அவ்வாண்டு ஜனவரி முதலாம் திகதி தனிச் சிங்களச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. மட்டக்களப்புக்கும் நம் திருமலைக்கும் பரவியது. ஏப்ரல் 17இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டனர். அவ்வளவும் உண்மையே. ஆனால் அங்கே தடுத்து வைக்கப்பட்டவர்களுள் திருமதி மங்கையர்க்கரசி அமிர்தலிங்கமும் ஒருவர் என்பதை எத்தனை மாணவர் அறிவர்? 'தாய்மாரும் திரண்டனர்' என்ற ஒற்றை வாக்கியத்தோடு பெண்களை வீட்டுக்கு அனுப்பி விடுகிறோம்!

அவர்கள் ஏன் திரண்டார்கள் என்பதன்றோ பாடம்? தென்னாபிரிக்காவைப் பாருங்கள். 1913 மார்ச்சில் கேப் உயர் நீதிமன்ற நீதிபதி செர்ல் அளித்த தீர்ப்பினால், கிறிஸ்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லாதவையாயின. தாலி கட்டிய மனைவியர் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவராயினர். (நீதிமன்றமே கதியென்று வாழும் எனக்கு இத்தீர்ப்பைப் படிக்கும்தோறும் நெஞ்சு கூசும்.) தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, மூன்று பவுண் தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யுமாறு தொழிலாளரை அழைத்தனர், சிறையும் புகுந்தனர். சிறையிலே காய்ச்சல் கண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பெப்ரவரி 22இல் மறைந்தபோது அவருக்கு வயது 16. சாதாரண தரப் பரீட்சை எழுதும் நம் மாணவியின் வயது! அவ்வாண்டே வந்த சட்டம் அவ்வரியை நீக்கியது, அத்திருமணங்களையும் ஏற்றது.

இனி நம் துறைமுக நகருக்கு வருவோம். 1961இல் இருபது வயதினராய் இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். சாட்சிகள் ஒவ்வொருவராய் மறைகின்றனர். மாணவர் குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்லட்டும். யார் அழைத்துப் போனீர்கள்? வீட்டில் அன்று உலை வைத்தவர் யார்? கணவர் தடுத்தாரா? போகாதிருந்தவர் ஏன் போகவில்லை? நேரிற் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் வெவ்வேறாக எழுதட்டும். செவிவழிச் செய்தி சாட்சியமாகாது. மூதூர், கிண்ணியா முஸ்லிம் தாய்மாரும், நகரத்துச் சிங்களத் தாய்மாரும் அந்நாட்களை எவ்வாறு கண்டனர் என்பதையும் கேட்டெழுத வேண்டும். 'இது அரசியலாயிற்றே' என்று அதிபர்மார் சிலர் தயங்குவர். மூன்று சமூகங்கள் வாழும் மாவட்டத்தில் அத்தயக்கம் நியாயமானதே. அதனாற்றான் எல்லாரையும் கேட்கச் சொல்கிறேன்.

வரும் தவணையில் ஒரு பாடசாலை, ஒரே ஒரு வகுப்பு தொடங்கினாற் போதும். சொன்னவர் இசைந்தால் மட்டும் அவர் பெயரை எழுதுங்கள். ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்திலும் மற்றொன்றைச் சொன்னவரின் கையிலும் கொடுங்கள்.