பாய்ப்படகில் ஒரு குடித்தனம்

(ஹெந்தளையில் நடைபெற்ற நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பிலிருந்து யாராவது பேச வேண்டும் என்று செயலாளர் அக்கா கேட்டபோது, நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ ஒரு வைத்தியரின் உரையைத்தான் எதிர்பார்த்திருப்பார். நாங்கள் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

ஹெந்தளையில் நின்று அதைப் பேசுவது பொருத்தம்தான். இங்கே ஒரு பக்கம் ஹமில்டன் கால்வாய், மறுபக்கம் பெருங்கடல். எங்களில் சிலர் இங்கிருந்தும், சிலர் கொட்டாஞ்சேனையிலிருந்தும், சிலர் வெள்ளவத்தையிலிருந்தும் பள்ளிக்கு வந்தோம். எவர் வீட்டிலிருந்தும் கடல் தொலைவில்லை. எல்லா வீட்டிலும் கட்டளையும் ஒன்றுதான்: கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது. அண்ணாமார் குதித்து விளையாட, நாங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தோம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இப்போது கணவருடன் பாய்ப்படகிலேயே வசிக்கிறாள். கடந்த மாசி மாதம் அந்தப் படகு திருகோணமலைத் துறைமுகத்திற்கு வந்தது. நாங்கள் நால்வர் கொழும்பிலிருந்து போய் மூன்று நாட்கள் அதில் தங்கினோம்.

பாய்ப்படகு வாழ்க்கை என்றதும் உல்லாசப் பயணம்தான் எங்கள் நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தால் அது முழுக்க முழுக்கக் குடித்தனம். முதல் கணக்கு தண்ணீர். வெயிலில் வேலை செய்யும் ஒருவருக்குக் குடிக்க மட்டும் நாளொன்றுக்கு மூன்று லீற்றராவது வேண்டும். ஆகவே பாத்திரங்களைக் கடல்நீரில் தேய்த்து, கடைசியில் ஒரு கோப்பை நன்னீரால் அலசுவார்கள். உப்பு ஏறிய துணி ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உலர்வதே இல்லை. அடுப்புப் படகோடு சேர்ந்து ஆடும்படி தொங்கவிடப்பட்டிருக்கும். அதனால் கறிச்சட்டி மட்டும் நேராக நிற்கும். ஆழ்கடலில் ஓடும்போது இருவரும் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறி மாறிக் காவல் இருப்பார்கள். இரவுக் கடமை செய்த எமக்கு அது புதிதல்ல.

நோய்களும் எளியவைதான். முருகைக்கல் கீறிய சிறு காயம் ஈரமும் சூடும் சேர்ந்து புண்ணாகும். காதில் நீர் தங்கிச் சீழ் பிடிக்கும். கடற்காய்ச்சலுக்குரிய மாத்திரையைத் தலைசுற்று வரும் முன்பே எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை.

இரண்டாம் நாள் மாலை, ரப்பர் தோணியிலிருந்து படகில் ஏறும்போது எங்களில் ஒருத்தி கால் தவறி விழுந்தாள். தோழி வற்புறுத்தி அணிவித்த உயிர்காப்பு அங்கி அவளைத் தூக்கி நிறுத்தியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் மற்ற மூவரும் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு வைத்தியர், ஒரு கணக்காளர், இரண்டு ஆசிரியைகள். நால்வரில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. மூழ்கியவருக்குச் செயற்கைச் சுவாசம் கொடுக்கத் தெரிந்தும், மூழ்காமல் காக்கத் தெரியாமல் நின்றோம்.

அன்றிரவு வெட்கத்தோடு இருந்த எங்களுக்குத் தோழி அன்னபூரணியின் கதையைச் சொன்னாள். உங்களில் பலர் அறிந்த கதை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அந்தப் பாய்க்கப்பல் ஏறத்தாழ 89 அடி நீளம், 19 அடி அகலம். வில்லியம் ஆல்பர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவி புளோரன்ஸின் பெயரைச் சூட்டினார். தண்டயல் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் ஏடன், சுயஸ், மத்தியதரைக்கடல், ஜிப்ரோல்டர் வழியாக அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்டில் மசசூசெட்சின் குளொஸ்டர் துறைமுகத்தில் அதைச் சேர்த்தார்கள். வாடையும் சோழகமும் கச்சானும் கொண்டலும் அவர்களுக்குப் பஞ்சாங்கம் போல.

றொபின்சன் அதற்கு முன்பே 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றியவர். 1934இல் கலாபகோஸ் தீவுகளில் அவருக்கு அப்பெண்டிக்ஸ் வெடித்தது. தற்செயலாக அங்கு வந்த மீன்பிடிக் கப்பலில் வானொலி இருந்தது. செய்தி போய், அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ உதவி பனாமாவிலிருந்து பறந்து வந்தது. அனுபவசாலிக்கும் கடலில் அடுத்தவர் கை வேண்டும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தக் கப்பல் புறப்பட்டபோதும் பெண் பெயர், சேர்ந்தபோதும் பெண் பெயர். ஆனால் கடலறிவு வல்வைப் பெண்பிள்ளைகளுக்கு முதுசமாகக் கிடைக்கவில்லை. பெயரைக் கொடுத்தோம், கரையில் நின்று நேர்த்தி வைத்தோம். அதோடு எங்கள் பங்கு முடிந்தது.

இன்று நிலை மாறுகிறது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கேரளத்தின் தில்னாவும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 2024 ஒக்டோபர் 2ஆம் திகதி கோவாவிலிருந்து 56 அடி நீளமான 'தாரிணி' பாய்ப்படகில் புறப்பட்டு, இருவர் மட்டுமே உலகைச் சுற்றி, 2025 மே இறுதியில் கரை திரும்பினார்கள். எட்டு மாதம் அந்தப் படகுதான் அவர்களுக்கு வீடு. தமிழ்ப் பெண்ணுக்குக் கடல் ஆகாது என்று இனி எந்த வீட்டிலும் சொல்ல முடியாது.

எல்லோரும் உலகைச் சுற்ற வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் வேண்டுகோள் சிறியது. நூற்றாண்டு நினைவாக ஒரு வளைவு கட்டுவது பற்றிப் பேச்சு அடிபடுகிறது. வளைவு அழகுதான். அதற்குப் பதிலாக, சாதாரண தரப் பரீட்சை எழுதும் முன்பு எமது கல்லூரியின் ஒவ்வொரு பிள்ளையும் நீந்தக் கற்றுவிட வேண்டும் என்று சங்கம் தீர்மானிக்கலாம். எமது கல்லூரியில் தடாகம் இல்லை, வாடகைக்கு எடுக்கலாம். பெண் பயிற்றுநரைத் தேடலாம். உடுப்புப் பற்றித் தாய்மாருக்குள்ள தயக்கத்தை நாங்களே வீடு வீடாகப் போய்ப் பேசித் தீர்க்கிறோம். முதலாவது வகுப்பின் செலவை எங்கள் வகுப்பு ஏற்கிறது.

அந்த வகுப்பில் நாங்கள் நால்வரும் பிள்ளைகளோடு சேர்ந்து தண்ணீரில் இறங்குவோம். நாற்பது வயதுக்கு மேல் கற்பது கடினம்தான். செருப்புக்குக் காவல் இருந்தது போதும்.